நோயாளி "போதும்" என்றால் யார் கேட்க வேண்டும்?

எழில்நிலா எழுதியது:

கருணைக்கொலை பற்றிய பேச்சை யார் எடுத்தாலும் இரண்டே நிமிடத்தில் "கொடுத்தவன்தான் எடுக்க வேண்டும்" என்றோ "என் உடம்பு, என் இஷ்டம்" என்றோ முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிப் பேச ஆள் கிடைக்குமா என்று பார்க்கத்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்கு மருந்தே வேண்டாம் என்று நான் மறுக்கலாம். அறுவை சிகிச்சைப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போகலாம். போனால் செத்துவிடுவேன் என்று தெரிந்தும் போகலாம், யாரும் என்னைக் கட்டி இழுத்து வர முடியாது. ஆக, சாவில் போய் முடியும் முடிவை எடுக்க எனக்கு உரிமை ஏற்கெனவே இருக்கிறது. அப்படியிருக்க, கடைசி இரண்டு வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதில் மட்டும் ஏன் திடீரென்று என் பேச்சு எடுபடாமல் போகிறது?

மதத்தை முன்வைத்து மறுப்பவர்கள் மறுக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. நம்பிக்கையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிற்கிற காரணம் ஏதாவது உண்டா என்பதுதான் கேள்வி.

பாதிவக்கீல் எழுதியது:

மூன்று வேறு விஷயங்களை ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலில் பிரித்துக்கொள்வோம்.

வென்டிலேட்டரை எடுப்பது அல்லது போடாமலே விடுவது ஒன்று. இதைப் பெரும்பாலான நாடுகள் ஏதோ ஒரு வடிவில் ஏற்கின்றன. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2011இல், பல பத்தாண்டு நினைவிழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் இதற்குக் கதவைச் சற்றே திறந்தது. 2018இல் காமன் காஸ் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில், கண்ணியமாகச் சாவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று அரசியல் சாசன அமர்வு சொன்னது.

மருத்துவர் மருந்தை எழுதித் தர, நோயாளி தன் கையாலேயே எடுத்துக்கொள்வது இரண்டாவது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருப்பது இதுதான். ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் கதை வேறு. 1942 முதல் நடப்பில் உள்ள அவர்களின் குற்றவியல் சட்டத்தில் சுயநலத்துக்காகத் தற்கொலைக்கு உதவுவதுதான் குற்றம். சுயநலம் இல்லையென்றால் குற்றமில்லை. அந்த ஒற்றை வரியின் மேல்தான் அங்கே எல்லாமே கட்டப்பட்டிருக்கிறது.

மருத்துவரே ஊசி போடுவது மூன்றாவது. நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டும் 2002இல் சட்டமாக்கின. கனடா 2016இல். ஸ்பெயின் 2021இல்.

எழில், நீங்கள் முதலாவதைக் காட்டி மூன்றாவதைக் கேட்கிறீர்கள். அந்தத் தாவலுக்குத்தான் நியாயம் சொல்ல வேண்டும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

தாவலே இல்லை என்கிறேன். வென்டிலேட்டர் குழாயை எடுக்கும் கையும் ஊசி போடும் கையும் ஒரே மருத்துவருடைய கைதான். இரண்டிலும் நோயாளி சாகிறார், இரண்டிலும் அது முன்கூட்டியே தெரியும். ஊசியில் சில நிமிடம், குழாயை எடுப்பதில் சில நாளும் ஆகலாம். நாள்கணக்கில் இழுப்பதை அறம் என்றும் நிமிடத்தில் முடிப்பதைக் கொலை என்றும் சொல்வது யாருடைய நிம்மதிக்காக? நோயாளியுடையதா, நம்முடையதா?

இரவுப்பணி எழுதியது:

ஐசியுவில் வேலை பார்ப்பவள் நான். குறுக்குக்கேள்வி தம்பி சொல்வது காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். கட்டில் பக்கத்தில் நின்றால் அப்படி இல்லை.

கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண்ணின் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? நினைவு திரும்பாமல் வென்டிலேட்டரில் கிடந்தாள். எடுத்துவிடுங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள், 1976இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் அனுமதித்தது. எடுத்தார்கள். அவள் சாகவில்லை, தானாகவே மூச்சுவிட்டாள். 1985 வரை உயிரோடு இருந்தாள். உணவு செலுத்தும் குழாயை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கவே இல்லை.

சாகடிப்பதுதான் நோக்கம் என்றால் அன்று அந்தப் பெற்றோர் தோற்றுப்போனதாக அர்த்தம். அப்படி யாரும் நினைக்கவில்லை. பிள்ளையைப் பிடித்து வைத்திருந்த இயந்திரத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாயிற்று. பிறகு நடந்தது நோயின் பாடு. ஊசியில் அந்த இடைவெளி கிடையாது. போட்ட பிறகும் மூச்சு வந்தால் இன்னொன்று போடத்தான் வேண்டும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் எதிர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் டோனி பிளான்ட். கால்பந்து மைதான நெரிசலில் மூச்சு முட்டி, மூளை மீள முடியாமல் பாதிக்கப்பட்ட இளைஞர். 1993இல் அவருக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவதை நிறுத்த, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அனுமதித்தது. உணவை நிறுத்தினால் குயின்லன் போலப் பிழைத்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் ஒருவரே இதைப் பிடித்துக்கொண்டார். வாரக்கணக்கில் மெதுவாகச் சாக விடுவது சட்டப்படி சரி, உடனே முடிப்பது மட்டும் குற்றமா என்று கேட்டுவிட்டு, இதற்கு அறம் சார்ந்த பதில் காண்பது தனக்குக் கடினமாக இருக்கிறது, சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்றார். அவருக்கே கிடைக்காத பதில் அக்காவுக்குக் கிடைத்திருந்தால் மகிழ்ச்சி.

சக்கரம் எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

கழுத்துக்குக் கீழே எனக்கு அசைவு குறைவு. குளிப்பாட்ட, உடுத்திவிட, மலம் கழித்தால் துடைக்க எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வேண்டும். இந்தப் பேச்சு வந்தாலே "அந்த நிலைக்குப் போவதை விட..." என்று இழுப்பார்களே, அந்த நிலையில்தான் தினமும் கண் விழிக்கிறேன், வேலை பார்க்கிறேன், உங்களோடு சண்டையும் போடுகிறேன்.

ஆரெகன் அரசு ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. இப்படிச் சாக விரும்பியவர்கள் சொன்ன காரணங்கள் அதில் இருக்கின்றன. எல்லோரும் நினைப்பது வலி. ஆனால் வலி பட்டியலின் கீழே கிடக்கிறது. வருடா வருடம் மேலே நிற்பவை: தன்னிச்சை போய்விட்டது, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, கண்ணியம் போய்விட்டது. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன் என்பதும் வலிக்கு மேலேதான் வருகிறது. நிதானமாக யோசியுங்கள். இவையெல்லாம் என் அன்றாடத்தின் வர்ணனை. ஒருவன் இதற்காகச் சாக விரும்பினால் "உரிமை" என்று சட்டம் உதவிக்கு வரும். அதே காரணத்துக்காக உடம்பு நன்றாக இருக்கும் ஒருவன் சாக விரும்பினால் ஓடிப்போய்ப் பிடித்து ஆலோசகரிடம் கூட்டிப்போகிறோம். இரண்டு பேரில் யாருடைய உயிரை இந்தச் சமூகம் மதிக்கிறது?

கனடாவைப் பாருங்கள். 2016இல் "இயற்கையான மரணம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு தொடங்கினார்கள். 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். சாகும் நிலையில் இல்லாத மாற்றுத்திறனாளியும் இப்போது விண்ணப்பிக்கலாம். 2023இல் அங்கே இந்த வழியில் இறந்தவர்கள் 15,343 பேர். பெரும்பாலோர் சாகும் தறுவாயில் இருந்தவர்கள்தான், மறைக்கவில்லை. ஆனாலும் ஐந்து வருடத்தில் வேலி நகர்ந்ததா இல்லையா?

எழில்நிலா எழுதியது:

சக்கரம், இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. இரண்டு பகுதியாகச் சொல்கிறேன்.

வேலி நகரும் என்ற பயம் நியாயமானது. ஆனால் எல்லா ஊரிலும் நகரவில்லை. ஆரெகனில் இத்தனை வருடம் கழித்தும் ஆறு மாத நிபந்தனை அப்படியே இருக்கிறது. அங்கே மருந்தை வாங்கி வைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைத் தொடாமலே நோயால் இறந்துபோகிறார். அவர்களுக்கு வேண்டியிருந்தது சாவு இல்லை, கையில் ஒரு சாவி இருக்கிறது என்ற தைரியம். அந்தத் தைரியத்தில் கூடுதலாகச் சில வாரம் நிம்மதியாக வாழ்ந்தவர்களும் இருப்பார்கள்.

அப்புறம், உங்களை ஒரு சமூகம் மதிக்கவில்லை என்பதற்குத் தண்டனையாக, எலும்பெல்லாம் புற்று பரவிக் கிடக்கும் இன்னொருவர் கடைசிவரை இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? உங்கள் பாதுகாப்புக்கு அவருடைய உடம்பா விலை? இதைக் கேட்க எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சக்கரம் எழுதியது:

கேளுங்கள், கோபமில்லை. என் பதில்: அவருடைய வலியைப் போக்க எல்லாமும் செய்து பார்த்தாகிவிட்டதா? "ஆம்" என்று வரட்டும், அப்புறம் பேசலாம். அந்த "ஆம்" நிஜமாக எத்தனை இடத்தில் வரும் என்று இரவுப்பணியையே கேளுங்கள்.

நெறியாளர்:

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள், வழிமுறைகள், மருந்துப் பெயர்கள், அளவுகள் வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இதைப் படிக்கும் யாராவது தாமே அப்படியொரு மனநிலையில் இருந்தால் இழையில் எழுதிக் காத்திருக்காமல் பக்கத்தில் உள்ள ஒருவரிடமோ மருத்துவரிடமோ இப்போதே பேசுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

கேட்டதற்குச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

இந்த இழையில் நீங்கள் எல்லோரும் கற்பனை செய்யும் நோயாளி தெளிவாக இருக்கிறார், வாய்விட்டுப் பேசுகிறார், யோசித்து "போதும்" என்கிறார். நான் பார்க்கும் நோயாளிக்கு வாயில் குழாய். பேச்சு வராது. மயக்க மருந்து கொஞ்சம் தெளிந்தால் அவர் முதலில் செய்வது குழாயைப் பிடுங்கப் பார்ப்பது. அதனால் இரண்டு மணிக்கட்டையும் பஞ்சு வைத்த பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருப்போம். அந்தக் கை இழுப்பது "எனக்கு வேண்டாம்" என்பதா, வெறும் எரிச்சலா என்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. வெளியே நிற்கும் மகன் "எல்லாத்தையும் பண்ணுங்க" என்கிறார். மகள் கண்ணாடி வழியாகக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

தன்னுரிமை என்று நீங்கள் சொல்வது அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றுவிடுகிறது. ஊசி சரியா தப்பா என்று நூறு பதிவு போடுகிறோம். குழாய் போடும் முன் "உங்களுக்கு இது வேண்டுமா, எதுவரைக்கும் வேண்டும்" என்று நோயாளியிடம் நேராகக் கேட்கப்பட்டதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வலி பற்றி. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நவீன நோய்த்தணிப்பு இல்லத்தை (ஹாஸ்பிஸ்) தொடங்கியபோது அழுத்திச் சொன்னது, வலி உடம்பில் மட்டும் இல்லை, பயத்திலும் பணக் கவலையிலும் பிரிவிலும் இருக்கிறது என்பதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் "என்னைக் கொன்றுவிடுங்கள்" என்ற பேச்சு பலரிடம் அடங்கிவிடும். எல்லோரிடமும் இல்லை, பலரிடம். மார்ஃபின் கொடுத்தால் சாவு சீக்கிரம் வரும் என்ற பயம் மருத்துவர்களிடமே இருக்கிறது. நோயாளியைப் பார்த்துப் படிப்படியாக அளவை ஏற்றினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. ஆனால் இந்த நோய்த்தணிப்பு வைத்தியம் தேவைப்படுகிறவர்களில் உலகம் முழுக்க 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிப் பேர் "போதும்" என்று சொன்னால் அது சாவைத் தேர்ந்தெடுத்ததாகுமா? வேறு எதுவும் தட்டில் வைக்கப்படவே இல்லையே.

ஆக, சக்கரம் கேட்ட "ஆம்" மிகச் சில இடத்தில்தான் வரும். வரும் இடத்தில் என்ன செய்வது என்றால்... எனக்குத் துணிச்சல் இல்லை. இன்னொருத்தர் செய்தால் அவரைக் குற்றவாளி என்று சொல்லவும் நாக்கு வராது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

கடைசி இரண்டு வரி இந்த இழையிலேயே நேர்மையானது. ஆனால் அதன் மேல் சட்டம் எழுத முடியாது, அக்கா. "நான் செய்ய மாட்டேன், நீ செய்தால் பார்க்காதது போல இருப்பேன்" என்றால் துணிந்த மருத்துவரைக் கண்டுபிடிக்க வசதியுள்ளவனுக்கு மட்டும் நல்ல சாவு.

வெண்பலகை எழுதியது:

என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று நோயாளியே முன்கூட்டியே எழுதி வைத்தால் தீர்ந்தது என்ற முடிவுக்கு இழை போகும்போல் தெரிகிறது. அதற்குள் ஒரு முள்ளைப் போட்டுவிடுகிறேன்.

நெதர்லாந்தில் 2016இல் நடந்தது. 74 வயதுப் பெண், அல்சைமர். புத்தி தெளிவாக இருந்தபோது எழுதி வைத்தார்: முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும் நிலை வந்தால் கருணைக்கொலை வேண்டும், ஆனால் நேரம் வந்துவிட்டதா என்பதை நானே சொல்வேன். இல்லத்துக்குப் போனார். சில நாள் சாக வேண்டும் என்றார். சில நாள் இன்னும் வேண்டாம் என்றார். எழுதி வைத்ததே நினைவில் இல்லை. மருத்துவர் அவரிடம் சொல்லாமல் காபியில் மயக்க மருந்து கலந்தார். ஊசி போடும்போது அவர் எழப் பார்த்தார், குடும்பத்தார் பிடித்துக்கொண்டார்கள். 2019இல் மருத்துவர் விடுதலையானார். 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், முற்றிய மறதிநோயில் பழைய எழுத்தின்படி நடக்கலாம் என்றது.

இதில் யாருடைய விருப்பம் நிறைவேறியது? எழுதிய பெண்ணுடையதா, எழப் பார்த்த பெண்ணுடையதா? எழுதியவருக்கு அறிவு இருந்தது, ஆனால் அந்த நிலையை அவர் அனுபவித்ததில்லை. எழப் பார்த்தவர் அந்த நிலையில் இருக்கிறார், ஆனால் தன்னைப் பற்றி வாதாட அவரால் முடியாது. தன்னுரிமை வாதம் முன்னவருக்கே ஓட்டுப் போடுகிறது. எனக்கு அது உவப்பாக இல்லை. காலையில் ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்து சிரிக்கும் ஒருவரை, அவரே மறந்துபோன ஒரு காகிதத்தைக் காட்டிக் கொல்வது அவருடைய உரிமையைக் காப்பது ஆகாது.

எழில்நிலா எழுதியது:

இங்கே நான் வெண்பலகையோடு நிற்கிறேன். தன்னுரிமை என் வாதத்தின் அஸ்திவாரம் என்றால், மருந்து உள்ளே போகும் அந்த நேரத்தில் "வேண்டாம்" என்று அசையும் உடம்பையும் அது மதித்தாக வேண்டும். ஆனால் அதே காகிதம் "நிமோனியா வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் தயங்காமல் அதன்படி நடப்பேன்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

அப்படியானால் ஊசிக்கும் குழாய்க்கும் வித்தியாசம் உண்டென்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். பாதிவக்கீல் சிரித்துக்கொண்டிருப்பார்.

பாதிவக்கீல் எழுதியது:

சிரிக்கவில்லை, தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெரி ஷைவோ. அமெரிக்காவில் 15 வருடம் நினைவு திரும்பாமல், உணவு செலுத்தும் குழாயோடு கிடந்தவர். எதுவும் எழுதி வைக்கவில்லை. அவள் இப்படி வாழ விரும்ப மாட்டாள் என்றார் கணவர், விரும்புவாள் என்றார்கள் பெற்றோர். குழாயை எடுத்தார்கள், திரும்பப் போட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். நாடாளுமன்றம்வரை போனது. 2005இல் முடிந்தது. இரண்டு தரப்பும் அவர்மேல் அன்பு வைத்தவர்கள்தான், அதுதான் கொடுமை.

இந்தியாவில் 2018 தீர்ப்பு இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயிலை அனுமதித்தது. ஆனால் நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையெழுத்து என்று வைத்ததால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023 ஜனவரியில் அதை மாற்றினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். 18 வயது நிரம்பி, புத்தித் தெளிவோடு இருந்தால் யாரும் எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். தனக்காக முடிவெடுக்கும் ஆட்களின் பெயரையும் அதில் குறிப்பிடலாம். நேரம் வரும்போது மருத்துவமனையில் ஒரு மருத்துவக் குழு பார்க்கும், இன்னொரு குழு அதைச் சரிபார்க்கும். நினைவிருக்கட்டும், இது சிகிச்சையை நிறுத்த மட்டும்தான். ஊசிக்கு இங்கே இடமே இல்லை.

அனுபவத்தில் சொல்கிறேன், ஆளின் பெயர்தான் முக்கியம், வாசகம் அப்புறம். "செயற்கையாக உயிர் நீட்டிக்க வேண்டாம்" என்று மொட்டையாக எழுதினால் இரண்டு நாள் வென்டிலேட்டரில் பிழைத்து எழக்கூடிய ஒருவரையும் அது கொன்றுவிடலாம். தெளிவில்லாத உயிலைக் குழு ஒதுக்கிவிடவும் செய்யலாம். மிக நெருங்கியவரைத்தான் போட வேண்டும் என்பதில்லை. இரவுப்பணி சொன்ன மகனையா, மகளையா என்று யோசியுங்கள். அழுதுகொண்டே "நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடியவர், தேவைப்பட்டால் "இல்லை, தொடருங்கள்" என்று மருத்துவரை எதிர்த்தும் நிற்கக்கூடியவர் யார்?

சக்கரம் எழுதியது:

அந்தக் கடைசி வரிக்கு நன்றி. ஏனென்றால் நான் எழுதி வைத்திருக்கிறேன், இந்த இழையில் வேறு யாரும் எழுதியதாகச் சொல்லவில்லை. என்னுடையது தலைகீழ் உயில். "நெஞ்சுச்சளி, மூச்சுத் திணறல் வந்தால் வென்டிலேட்டர் போடுங்கள். கழுத்தில் துளை போட வேண்டியிருந்தால் போடுங்கள். ஏற்கெனவே இப்படித்தானே இருக்கிறார் என்று கணக்குப் போடாதீர்கள். மூளை திரும்பாது என்று இரண்டு குழுவும் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்." கையெழுத்துப் போட வராததால் பெருவிரல் ரேகை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கோப்பில் "நெஞ்சழுத்தி உயிர்ப்பிக்க வேண்டாம்" என்று ஒரு மருத்துவமனையில் எழுதப்பட்டதை என் தம்பி தற்செயலாகப் பார்த்தான், அதற்கப்புறம் எழுதியது.

எழில், உங்கள் சட்டம் வந்தால் நான் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். ஆனால் நீங்கள் உயில் எழுதினால் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிடுங்கள், ரேகை செல்லுமா என்று பாதிவக்கீல் சொல்லட்டும்.

பாதிவக்கீல் எழுதியது:

நோட்டரி ஒத்துக்கொண்டால் தடை இருக்காது. ஆனால் சாட்சியை எதிர்க்கட்சியிலிருந்து பிடிப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.